ஓடு, நில் மட்டும் போதும் என்றால் மோட்டார் டிரைவர் வீணா?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் போட்டிக்காகப் பந்து பொறுக்கும் ரோபோ செய்கிறீர்கள். சக்கரங்களுக்குப் போட்டது போக பிடிஎஸ்7960, எல்298என் என்று இரண்டு மோட்டார் டிரைவர் போர்டுகள், பழைய ஆர்சி காரிலிருந்து கழற்றிய ஒரு இஎஸ்சி (காரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி), இவ்வளவும் மிச்சம் இருக்கின்றன. பந்தை உள்ளே இழுக்கும் ரோலருக்கு 775 மோட்டார், சின்ன வேக்குவம் பம்பு ஒன்று, நியூமேட்டிக் (காற்றழுத்த) வால்வு இரண்டு, இரும்பு வில்லையைத் தூக்க ஒரு மின்காந்தம். இவை எதற்கும் வேகக் கட்டுப்பாடு வேண்டாம். ஓட வேண்டும், நிற்க வேண்டும், அவ்வளவுதான். "ஆன்-ஆஃப்புக்கு ரிலே போதும், டிரைவரை வீணாக்காதே" என்கிறார் சீனியர் (ரிலே என்பது மின்காந்தத்தால் கான்டாக்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்). கையில் சும்மா கிடப்பதை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சொல்வதுதான் சரி. டிரைவரை வெறும் சுவிட்ச்சாகப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை, பல இடங்களில் ரிலேயைவிட நல்லது. ஆனால் "ஆன்" என்றால் அந்தப் போர்டுக்கு என்ன அர்த்தம், "ஆஃப்" என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாமல் வயரை மாட்டினால் புகை வரும். இந்தப் பதில் நீளமாகப் போவதற்கு அதுதான் காரணம்.

வேகக் கட்டுப்பாட்டு போர்டு என்பது உள்ளே வேறொன்றும் இல்லை, வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச்தான். ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டு போர்டில் அனலாக்ரைட் 128 என்று கட்டளை கொடுத்தால் வோல்டேஜ் பாதியாகிவிடுவதில்லை. முழு 12 வோல்ட்டும் பாதி நேரம் மோட்டாருக்குப் போகிறது, மீதி நேரம் நிற்கிறது. ஆர்டுயினோ ஊனோவில் பெரும்பாலான பின்களில் இது விநாடிக்கு 490 முறை நடக்கிறது. 255 கொடுத்தால் மூடிய சுவிட்ச், அதாவது ஆன். 0 கொடுத்தால் திறந்த சுவிட்ச், அதாவது ஆஃப். ஆக ஆன்-ஆஃப் என்பது அந்தப் போர்டு ஏற்கனவே செய்யும் வேலையின் இரண்டு ஓரங்கள்தான்.

ரிலே விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. நாங்கள் செய்த முதல் ரோபோவிலும் ரோலர்தான், அதற்கு நீல டப்பா ரிலே மாட்யூல்தான். பயிற்சி ஓட்டத்தில் ரிமோட்டை விட்ட பிறகும் ரோலர் சுற்றிக்கொண்டே இருந்தது. புரோகிராம் கோடில் தப்பு என்று நினைத்து ஒரு மணி நேரம் கோடையே குடைந்தோம். சீரியல் மானிட்டரில் "ஆஃப்" என்று வருகிறது, ரிலே மாட்யூலின் எல்இடியும் அணைந்திருக்கிறது, ரோலர் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. கடைசியில் ஒருவன் எரிச்சலில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ரிலேயை ஒரு தட்டு தட்டினான். "டிக்" என்றது, ரோலர் நின்றது. டப்பாவைப் பிளந்து பார்த்தால் கான்டாக்ட்டில் கருகிய குழி, அதன் விளிம்பில் உருகி உறைந்த குருணை.

நடந்தது இதுதான். அந்த டப்பாவின் மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அது ஹீட்டர் போன்ற வெறும் ரெசிஸ்டிவ் லோடுக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும் கணத்தில் அதன் தண்டு நிற்கிறது, பேக் இஎம்எஃப் (சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் வோல்டேஜ்) கிடையாது, எனவே வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸ் மட்டுமே கரன்ட்டைத் தடுக்கிறது. ரிலே கான்டாக்ட் மூடும்போது ஒரே அடியில் ஒட்டுவதில்லை, துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். துள்ளும் அந்த நேரத்தில் 20 ஆம்பியர் பாய்ந்தால் ஒவ்வொரு துள்ளலும் ஒரு குட்டி வெல்டிங். திறக்கும்போது வேறொரு தொல்லை. வீட்டு 230 வோல்ட் ஏசி விநாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்புவதால் கான்டாக்ட்டில் வரும் பொறி தானாக அணைய வாய்ப்பு இருக்கிறது. பேட்டரி டிசிக்கு அந்தப் பூஜ்ஜியமே இல்லை. அதோடு மோட்டாரின் இண்டக்டன்ஸ் கரன்ட்டை விடாமல் தள்ளுகிறது. பொறி நீண்டு கான்டாக்ட்டைத் தின்னும்.

இரண்டு ரிலேயைப் பேரலலாகப் போட்டால் 20 ஆம்பியர் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே கணத்தில் மூடுவதில்லை. முதலில் மூடுவது மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும்.

சரி, உங்கள் 775 கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மல்ட்டிமீட்டரின் ஓம் ஸ்கேலில் அரை ஓம் அளவை நம்ப முடியாது, மீட்டர் வயரே அவ்வளவு காட்டும். லேபில் இருக்கும் பவர் சப்ளையில் கரன்ட் லிமிட்டை 2 ஆம்பியருக்கு வையுங்கள். மோட்டார் தண்டைப் பிளையரால் பிடித்துக்கொண்டு சப்ளையைத் தட்டுங்கள். மோட்டார் முனையிலேயே வோல்டேஜைப் பாருங்கள். 1.1 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.1-ஐ 2-ஆல் வகுத்தால் 0.55 ஓம். 12-ஐ 0.55-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். பந்து சிக்கி ரோலர் நின்றாலும் அதே 22 ஆம்பியர்தான் ஓடும், பந்தை எடுக்கும் வரை ஓடும். 775 என்பது மோட்டாரின் உடல் அளவை மட்டும் சொல்லும் பெயர். உள்ளே சுற்றியிருக்கும் கம்பி கடைக்குக் கடை வேறு. அதனால் உங்கள் மோட்டாரை நீங்களே அளந்து பாருங்கள்.

இங்கேதான் டிரைவருக்கு ரிலேயிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: மெல்லக் கிளப்பலாம். 0-இலிருந்து 255 வரை ஐந்து ஐந்தாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் 6 மில்லி நொடி கொடுத்தால் 51 படிகள், மொத்தம் 300 மில்லி நொடி. பார்ப்பவர் கண்ணுக்கு அது "உடனே ஓடியது" போலத்தான் தெரியும். அதற்குள் ரோலர் வேகம் எடுத்துவிடுவதால் 22 ஆம்பியர் உச்சம் வெகுவாகக் குறையும். ரோலர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது என்று புலம்பும் அணிகள் பல. பேட்டரி வோல்டேஜ் ஒரு கணம் குழி விழுவதுதான் காரணம், அதில் பாதிப் பேருக்கு இந்த 300 மில்லி நொடியே மருந்து. மீதிப் பாதிக்கு வயர் மெலிசு.

இனி போர்டு போர்டாகப் பார்க்கலாம்.

பிடிஎஸ்7960 போர்டை எல்லாக் கடையிலும் "43 ஆம்பியர் டிரைவர்" என்றே விற்கிறார்கள். அந்த 43 என்பது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரன்ட்டை வெட்டத் தொடங்கும் அளவு. நாள் முழுக்க 43 ஆம்பியர் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. அந்தச் சின்ன அலுமினிய ஹீட்சிங்கை வைத்துக்கொண்டு தொடர்ந்து பத்து, பதினைந்து ஆம்பியருக்கு மேல் நான் ஓட்ட மாட்டேன். கரன்ட் போகும் பாதையின் ரெசிஸ்டன்ஸ் மேல் சுவிட்ச் (பேட்டரி பாசிட்டிவ் பக்கம்), கீழ் சுவிட்ச் (கிரவுண்டு பக்கம்) இரண்டும் சேர்த்துச் சுமார் 16 மில்லி ஓம். 10 ஆம்பியரில் 1.6 வாட், கை வைத்தால் இளஞ்சூடு. 20 ஆம்பியரில் அது இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 6.4 வாட். உங்கள் ரோலர் சாதாரணமாக ஓடும்போது நான்கைந்து ஆம்பியர்தான் இழுக்கும் என்றால் இந்தப் போர்டு தாராளம்.

எல்298என் கதை வேறு. அது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் சிப். ஒரு ஆம்பியர் ஓடும்போதே அதன் உள்ளே 1.8 முதல் 3.2 வோல்ட் வரை தொலைந்துபோகும். 12 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் பத்தை ஒட்டித்தான் போய்ச் சேரும், மீதியெல்லாம் அந்தக் கறுப்பு ஹீட்சிங்கில் சூடாகிறது. ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர் என்பது மேல் வரம்பு. 775-ஐ இதில் மாட்டவே மாட்டாதீர்கள். ஆனால் உங்கள் வால்வுகளுக்கு இதைவிட வசதியான போர்டு கிடையாது. எப்படி என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன், ஆன்-ஆஃப்பாகப் பயன்படுத்துகிறவர்களை மட்டும் பிடிக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுகிறவர்களுக்கு இது வரவே வராது.

பெரிய கரன்ட் டிரைவர்கள் பலவற்றில் மேல் பக்கச் சுவிட்ச்சும் என்-சேனல் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர்தான். அது முழுதாகத் திறக்க வேண்டுமானால், அதாவது கரன்ட்டை முழுதாக விட வேண்டுமானால், அதன் கேட் என்ற காலுக்குப் பேட்டரியைவிடச் சுமார் 10 வோல்ட் கூடுதலாக வேண்டும். அந்த உபரி வோல்டேஜை ஒரு சின்ன கெப்பாசிட்டர் சேர்த்து வைத்துக் கொடுக்கிறது. பூட்ஸ்டிராப் என்று பெயர். அவுட்புட் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கெப்பாசிட்டர் நிரம்பும். ஐஆர்2104 போன்ற கேட் டிரைவர் சிப் உள்ள மலிவு போர்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். இப்போது நீங்கள் 255 கொடுத்து "ஆன்" என்று விட்டுவிடுகிறீர்கள். 255 என்றால் ஆர்டுயினோவைப் பொறுத்தவரை பிடபிள்யூஎம்மே (முன்பு சொன்ன வேகமான திறந்து மூடலே) இல்லை, பின் நிரந்தரமாக மேலேயே நிற்கும். அவுட்புட் கீழே இறங்குவதே இல்லை. கெப்பாசிட்டர் மெல்ல மெல்ல வடிகிறது. மோட்டார் முதலில் நன்றாக ஓடும், கொஞ்ச நேரத்தில் தளரும், மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்த நிலையில் கொதிக்கும், அப்புறம் செத்துவிடும். "முழு வேகத்தில் மட்டும் சூடாகிறது, பாதி வேகத்தில் ஜில்லென்று இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அந்தப் போர்டின் கேட் டிரைவர் எது என்றுதான்.

மருந்து எளிது. 255-க்குப் பதில் 250 கொடுங்கள். 98 சதவீதம். ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 40 மைக்ரோ நொடி அவுட்புட் கீழே இறங்கும், கெப்பாசிட்டர் நிரம்ப அது போதும். வேகத்தில் வித்தியாசமே தெரியாது. உங்கள் பிடிஎஸ்7960-க்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் மேல் பக்கச் சுவிட்ச் பி-சேனல். உபரி வோல்டேஜ் தேவையில்லை, 255-லேயே நாள் முழுக்க நிற்கலாம். எல்298என்னுக்கும் கிடையாது.

இனி அந்த ஆர்சி கார் இஎஸ்சி. முதலில் மோட்டாருக்குப் போகும் வயர்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது பிரஷ்லெஸ் மோட்டாருக்கானது, பம்பையோ வால்வையோ அதில் மாட்ட வழியே இல்லை. இரண்டு இருந்தால் பிரஷ்டு மோட்டாருக்கானது, பயன்படுத்தலாம். ஆனால் இதற்கு டிஜிட்டல்ரைட் ஹை என்று கொடுத்தால் ஒன்றும் நடக்காது. இது எதிர்பார்ப்பது சர்வோ பல்ஸ். சுமார் 20 மில்லி நொடிக்கு ஒருமுறை, 1000 முதல் 2000 மைக்ரோ நொடி நீளமுள்ள ஒரு பல்ஸ். முன்-பின் இரண்டும் ஓடும் கார் இஎஸ்சியில் 1500 என்றால் நில், 2000 என்றால் முழு வேகம் முன்னால்.

சர்வோ லைப்ரரியில் ரைட் 180 என்று எழுதுவார்கள் பலர். ஆர்டுயினோவில் அது 2400 மைக்ரோ நொடி. ரைட் 0 என்பது 544. இரண்டுமே இஎஸ்சி எதிர்பார்க்கும் எல்லைக்கு வெளியே. சில இஎஸ்சி அதை சிக்னல் கோளாறு என்று எடுத்துக்கொண்டு பீப் பீப் என்று கத்திக்கொண்டு கிடக்கும். ரைட்மைக்ரோசெகண்ட்ஸ் பயன்படுத்தி 1500, 2000 என்று நேராகவே கொடுங்கள். பவர் வந்ததும் இரண்டு மூன்று விநாடி 1500-லேயே வைத்திருங்கள், அது தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும். இஎஸ்சியிலிருந்து வரும் மூன்று வயரில் நடுவில் இருக்கும் சிவப்பு, அதன் உள்ளே இருக்கும் 5 வோல்ட் சப்ளை. ஆர்டுயினோவுக்கு யூஎஸ்பியிலோ வேறு வழியிலோ பவர் வருகிறது என்றால் அந்தச் சிவப்பை மட்டும் கழற்றி டேப் சுற்றி விடுங்கள். கிரவுண்டைக் கழற்றாதீர்கள்.

"ஆன்" பற்றி இவ்வளவு. "ஆஃப்"தான் இன்னும் வில்லங்கம்.

ரிலே ஆஃப் என்றால் வயர் அறுந்தது போல. டிரைவரில் ஆஃப் இரண்டு வகை. ஒன்று, மோட்டாரின் இரு முனையையும் விட்டுவிடுவது: மோட்டார் தானாக உருண்டு நிற்கும். இன்னொன்று, இரு முனையையும் கிரவுண்டோடு சேர்த்து ஷார்ட் செய்வது: மோட்டார் ஜெனரேட்டராகி, தன் கரன்ட்டாலேயே தன்னைப் பிடித்து நிறுத்தும், அதாவது பிரேக். பிடிஎஸ்7960-இல் இரண்டு எனேபிள் பின்னும் (போர்டை வேலை செய்ய விடும் பின்கள்) மேலே இருக்க, இரண்டு பிடபிள்யூஎம் பின்னையும் பூஜ்ஜியமாக்கினால் பிரேக். எனேபிளைக் கீழே இறக்கினால் உருளல். எனேபிள் இரண்டையும் 5 வோல்ட்டில் நிரந்தரமாகக் கட்டிவிடும் வழக்கம் பரவலாக இருப்பதால், பெரும்பாலானவர்கள் தெரியாமலே பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கையைத் தூக்கும் மோட்டாருக்கு பிரேக் வேண்டும், இல்லாவிட்டால் கை மெல்ல இறங்கிவிடும். உங்கள் ரோலருக்கு எனக்கு உருளல்தான் பிடிக்கும். பந்து சிக்கினால் கையால் சுற்றி எடுக்கலாம். பந்தை எறியும் கனமான ஃப்ளைவீல் ஏதாவது பின்னால் சேர்த்தால், முழு வேகத்தில் ஓடும்போது பிரேக் போடவே கூடாது. அந்தக் கணத்தில் டிரைவரின் கீழ்ச் சுவிட்ச்சுகள் வழியாக ஸ்டால் கரன்ட் (தண்டு நிற்கும்போது ஓடும் கரன்ட்) அளவுக்கே பாயும்.

அடுத்து, பவர் போட்ட முதல் கணம். ஆர்டுயினோ விழித்தெழுந்து உங்கள் கோடுக்கு வரும் வரை அதன் பின்கள் எல்லாம் இன்புட்டாக, அந்தரத்தில் தொங்குகின்றன. டிரைவரின் இன்புட்டும் அப்போது அந்தரம்தான். ரோலர் ஒரு உதறு உதறும், சில நேரம் முழுசாகவே ஓடும். ஒவ்வொரு கட்டுப்பாட்டு பின்னிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால் தீர்ந்தது. ரிலே மாட்யூலில் இதே கதை தலைகீழ். அவற்றில் பலவும் சிக்னல் கீழே இறங்கினால்தான் ஆன் ஆகும், எனவே பின்மோடு அவுட்புட் என்று எழுதும் வரிக்கு முன்னாலேயே டிஜிட்டல்ரைட் ஹை எழுத வேண்டும். இஎஸ்பி32 பயன்படுத்தினால் 0, 5, 14, 15 ஆகிய பின்களைத் தவிருங்கள். பூட் ஆகும்போது அவை தாமாகவே துடிக்கும்.

கோடு தொங்கிவிட்டால்? சர்வோ பல்ஸ் நின்றால் இஎஸ்சி தானாக மோட்டாரை நிறுத்திவிடும், அதனால் அது பாதுகாப்பு என்பார்கள். வயர் கழன்று விழுந்தால் அது உண்மைதான். ஆனால் ஆர்டுயினோ சர்வோ லைப்ரரி பல்ஸை டைமர் இன்டரப்டில் அனுப்புகிறது. உங்கள் லூப் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றாலும் பின்னணியில் 2000 மைக்ரோ நொடி பல்ஸ் போய்க்கொண்டேதான் இருக்கும். ரோபோ சுவரில் முட்டிக்கொண்டு ரோலரைச் சுற்றிக்கொண்டிருக்கும். டிஜிட்டல்ரைட் ஹை போட்ட பின்னுக்கும் அதே கதிதான். ரிமோட்டிலிருந்து கடைசி செய்தி வந்த நேரத்தைக் குறித்துவைத்து, கால் விநாடி தாண்டினால் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். அதன் மேல் ஏவிஆரின் (ஆர்டுயினோவில் இருக்கும் சிப்) வாட்ச்டாக் டைமரையும் போடுங்கள், கோடு தொங்கினால் அது சிப்பை ரீசெட் செய்யும். பழைய பூட்லோடர் உள்ள நானோ போர்டில் வாட்ச்டாக் போட்டால் ரீசெட் சுழலில் சிக்கிக்கொள்ளும், அதை முதலில் மேசையில் வைத்துச் சோதியுங்கள்.

இத்தனை செய்தாலும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனுக்கு டிரைவரை நம்பக் கூடாது. மாஸ்ஃபெட் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும், அதாவது ஆன் நிலையில். பட்டன் பேட்டரி லைனையே வெட்ட வேண்டும். அதன் கான்டாக்ட்டுக்கு அவ்வளவு கரன்ட் தாங்காது என்றால், கார் ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் போடுகிறார்களே, 30 ஆம்பியர் ரிலே, அதை வைத்து வெட்டுங்கள். 30, 87, 85, 86 என்று காலில் நம்பர் போட்டிருக்கும். 85, 86 காயில் (கம்பிச்சுருள்), மற்ற இரண்டும் கான்டாக்ட். ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். சீனியர் சொன்ன ரிலேக்கு உங்கள் ரோபோவில் சரியான இடம் இதுதான். இங்கே அது ஒரு போட்டியில் சில தடவைதான் இயங்கும், அதுவும் பெரும்பாலும் லோடு ஓடாதபோது.

இப்போது வால்வுக்கு வருகிறேன். 12 வோல்ட் நியூமேட்டிக் வால்வின் காயில் பெரும்பாலும் 3 வாட்டை ஒட்டித்தான் இருக்கும், கால் ஆம்பியர். எல்298என்னை இரண்டு மோட்டார் ஓட்டும் போர்டு என்று மட்டும் பார்க்காதீர்கள். அதன் உள்ளே தனித்தனியாக நான்கு அரைப் பாலங்கள் (ஒரு மேல் சுவிட்ச்சும் ஒரு கீழ் சுவிட்ச்சும் சேர்ந்த ஜோடிகள்) இருக்கின்றன. வால்வின் ஒரு முனையை அவுட்1-லும் மறுமுனையைக் கிரவுண்டிலும் மாட்டுங்கள். எனேபிள் ஏ ஜம்பர் அப்படியே இருக்கட்டும். இன்1 மேலே போனால் வால்வு திறக்கும், கீழே வந்தால் மூடும். இரண்டாவது வால்வு அவுட்2-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே. இப்படி ஒரே போர்டில் நான்கு வால்வு வரை ஓட்டலாம். கரன்ட் மேல் டிரான்சிஸ்டரை மட்டும் கடப்பதால் இழப்பும் பாதிதான், கால் ஆம்பியருக்கு ஒரு வோல்ட் சுற்றி. காயில் அணையும்போது உதைக்கும் வோல்டேஜை விழுங்க எட்டு டையோடுகள் போர்டிலேயே இருக்கின்றன. தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

மின்காந்தத்தை மட்டும் அவுட்3-க்கும் அவுட்4-க்கும் நடுவே முழுப் பாலமாக, அதாவது திசை மாற்றும்படி இரண்டு அரைப் பாலம் சேர்த்து, மாட்டச் சொல்வேன். காரணம் இருக்கிறது. மின்காந்தத்தை ஆஃப் செய்தும் இரும்பு வில்லை விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், லேசான வில்லை என்றால் கட்டாயம் நிற்கும். கோரில் மிச்சமிருக்கும் காந்தம் அது. ரிலேயில் மாட்டியவர்கள் ரோபோவையே குலுக்கித்தான் விழ வைப்பார்கள். பாலத்தில் மாட்டியிருந்தால், விடும் நேரத்தில் 20, 30 மில்லி நொடி மட்டும் கரன்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு அணைக்கலாம். வில்லை பொத்தென்று விழும். நேரம் கூடினால் எதிர்த்திசையில் காந்தமாகி மறுபடி பிடித்துக்கொள்ளும். 10-இல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பாருங்கள்.

எனேபிள் பி ஜம்பரைக் கழற்றி ஆர்டுயினோ பின் ஒன்றுக்குக் கொடுங்கள். இன்3, இன்4 இரண்டையும் கீழே இறக்கி அணைத்தால் காயிலின் கரன்ட் உள்ளேயே சுற்றிச் சுற்றி மெதுவாகத் தேயும். எனேபிளையே இறக்கினால் அது டையோடுகள் வழியாகப் பேட்டரியை எதிர்த்துப் போக வேண்டியிருக்கும், சட்டென்று வற்றிவிடும்.

அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியிலும் இதே வாதம் வெகுகாலம் ஓடியது. அங்கே ஆன்-ஆஃப்புக்கென்றே ஸ்பைக் என்ற ரிலே பெட்டி இருந்தது. முன், பின், நிறுத்து, கூடவே 20 ஆம்பியர் ஃப்யூஸ். வேகத்துக்கு விக்டர் 884 என்ற டிரைவர். ஃப்யூஸ் தாங்காத இடங்களில், வெறும் ஆன்-ஆஃப் என்றாலும் விக்டரையே போட்ட அணிகள் உண்டு. 2015 சீசனில் ரோபோரியோ என்ற கட்டுப்பாட்டுக் கணினி வந்தபோது அதிலும் நான்கு ரிலே போர்ட் வைத்தார்கள். ஆனால் அதே ஆண்டு வந்த நியூமேட்டிக்ஸ் மாட்யூல் கம்ப்ரஸரைத் தானே நேராக ஓட்டியது, ஸ்பைக்கின் முக்கியமான வேலை ஒன்று போயிற்று.

டிரைவர் எல்லாவற்றுக்கும் ஆகாது. உள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் இருக்கும் சாமான்களை, அதாவது பிரஷ்லெஸ் ஃபேன், கேமரா, ராஸ்ப்பெர்ரி பை-க்குப் போகும் பக் கன்வர்ட்டர் (வோல்டேஜைக் குறைக்கும் போர்டு) போன்றவற்றை, ஹெச் பிரிட்ஜில் (முழுப் பாலத்தில்) மாட்டாதீர்கள். ஒரு கோடு தப்பில் போலாரிட்டி திரும்பினால் போயிற்று. பிடபிள்யூஎம்மும் அவற்றுக்கு ஆகாது. 230 வோல்ட் ஏசி எதுவானாலும் ரிலேதான், கேள்வியே இல்லை. இரண்டு முனையில் ஒன்று ரோபோவின் உலோகச் சட்டத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் லோடையும் முழுப் பாலத்தில் மாட்டக் கூடாது. அந்த முனை மேலே போகும் கணத்தில் பேட்டரியே ஷார்ட்.

அப்புறம் ரிலேக்கு அனலாக்ரைட் கொடுத்துப் பார்க்க வேண்டாம். எங்கள் ஜூனியர் ஒருவன் கொடுத்தான். தேனீக்கூடு மாதிரி ரீங்கரித்தது.

பம்புக்கு டிரைவர் எதுவும் வேண்டாம். ஒரு ஆம்பியர் சுற்றி இழுக்கும், ஒரே திசையில் ஓடும் சாமான் அது. ஒரு ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் போதும். கடையில் ஐஆர்எஃப்இசட்44என்னைக் கொடுத்து "இரண்டும் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றல்ல. எஃப் வகை முழுதாகத் திறக்கக் கேட்டுக்கு 10 வோல்ட் கேட்கும், ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடாகும். எல் வகை 5 வோல்ட்டிலேயே திறந்துவிடும். பம்பின் கீழ் முனையை டிரெயினிலும், சோர்ஸைக் கிரவுண்டிலும் மாட்டுங்கள். கேட்டுக்கு முன்னால் 220 ஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். பம்பின் இரு முனைக்கும் குறுக்கே 1என்5822 டையோடு, கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில். பம்பு முனையிலேயே ஒரு 104 செராமிக் கெப்பாசிட்டரையும் சால்டர் செய்துவிட்டால் பிரஷ் இரைச்சல் சென்சார் வரை போகாது.

ஆக உங்கள் ரோபோவில் பிடிஎஸ்7960 ரோலருக்கு, எல்298என் இரண்டு வால்வுக்கும் மின்காந்தத்துக்கும், பம்புக்கு மாஸ்ஃபெட். இஎஸ்சி அலமாரியிலேயே இருக்கட்டும், போட்டிக்கு முந்தின இரவு ஏதாவது எரிந்தால் கை கொடுக்கும். ரோலருக்கு பாலத்தின் இரண்டு பக்கத்தையும் வயர் செய்துவிடுங்கள். இப்போது "ஓடு, நில் மட்டும் போதும்" என்கிறீர்கள், இரண்டு பந்து ஒன்றாகச் சிக்கும் நாளில் "பின்னால் சுற்று" என்று மூன்றாவது பட்டன் கேட்பீர்கள். திசை மாற்றும்போது நடுவில் கால் விநாடி ஆஃப் விடுங்கள். ரோலர் லைனில் காரில் போடும் 15 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். வயர் 1.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாமல். பிரெட்போர்டு ஜம்பர் வயரில் ரோலரை ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தால், பக்கத்தில் பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.